பூட்டான் போஸ்டிங்: பையனைக் கூட்டிக்கொண்டு போவதா, தாத்தா பாட்டியிடம் விடுவதா?

கொழிஞ்சாம்பாறை மருமகள்:

எல்லோருக்கும் வணக்கம். எங்கள் ஊர் பாலக்காடு மாவட்டம் சித்தூர் தாலுகாவில் கொழிஞ்சாம்பாறைப் பக்கம். வீட்டில் தமிழ், சந்தையில் தமிழும் மலையாளமும், தாலுகா ஆபீஸ் என்று போனால் மலையாளம். வீட்டுக்காரர் ராணுவத்தில் ஹவில்தார். கல்யாணம் ஆன நாளிலிருந்து லீவுக்கு வந்தால்தான் அவரைப் பார்ப்பது. இப்போது பூட்டானில் உள்ள இந்திய ராணுவப் பயிற்சிக் குழுவுக்கு, இம்ட்ராட் என்பார்களே, அங்கே போஸ்டிங் வந்திருக்கிறது. ஹா என்று ஓர் ஊர். இந்தத் தடவை குடும்பத்துக்குக் குவார்ட்டர்ஸ் கிடைக்கும் என்கிறார்.

பையன் இரண்டாம் வகுப்பு, தமிழ் மீடியம். "நீ போ கண்ணு, போகாதேன்னு சொல்லமாட்டேன். பையனை மட்டும் இங்க விட்டுட்டுப் போ" என்கிறார் மாமியார். அவர் சொல்வதில் கோபம் ஒன்றும் இல்லை. பிறந்ததிலிருந்து அவனைக் குளிப்பாட்டி, சோறூட்டி வளர்த்தவர் அவர்தான். மாமனார் வாய் திறக்கவில்லை, ஆனால் முகம் வாடிக் கிடக்கிறது.

எங்கள் தெருவில் வெளிநாடு என்றால் துபாய், மஸ்கட் போனவர்கள்தான். ராணுவக் குடும்பமாகப் போனவர்கள் யாரும் இல்லை. அங்கே குளிர் எப்படி, பள்ளிக்கூடம் எப்படி, நம் சமையல் நடக்குமா, அங்குள்ள ஜனங்கள் எப்படி நடந்துகொள்வார்கள், முக்கியமாகப் பையனுடைய தமிழ் என்ன ஆகும்? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

குப்பம் தம்பி:

வணக்கம்மா. நான் ராணுவத்தின் பொறியாளர் படையான மதராஸ் சாப்பர்ஸில் இருந்து ஓய்வு பெற்றவன். ராணுவத்தில் எங்கள் ஆட்களை எல்லோரும் தம்பி என்றுதான் கூப்பிடுவார்கள், அந்தப் பேரையே இங்கேயும் வைத்துக்கொண்டேன். எங்கள் குப்பம் பக்கத்தில் பையன்கள் சேருவது பெரும்பாலும் பெங்களூர் அல்சூர் ஏரிக்கரையில் இருக்கும் எங்கள் சென்டரில்தான்.

முதலில் ஒரு விஷயம். யூனிட் பேர், புறப்படும் தேதி, குவார்ட்டர்ஸ் படம் எதையும் இங்கே போடாதீர்கள். இதுவரை போட்டதே போதும். மற்றவர்களும் கேட்காதீர்கள்.

நான் பூட்டானில் இருந்தது டன்டக்கில். எல்லைச் சாலை அமைப்பின் திட்டம் அது, 1961 இல் தொடங்கியது. அதற்கு முன்னால் இந்திய எல்லையிலிருந்து பாரோவுக்கோ திம்புவுக்கோ போக வேண்டுமென்றால் கோவேறு கழுதையோடு பல நாள் நடைதான். 1958 இல் நேரு பூட்டான் போனபோது நாதுலா தாண்டி, திபெத்தின் சும்பி பள்ளத்தாக்கு வழியாக, மலைப்பாதையில்தான் பாரோ போய்ச் சேர்ந்தார். இன்றைக்கு நீங்கள் குழந்தையோடு காரில் ஏறிப் போகப் போகிற ரோடு நம் ஆட்களும் பூட்டான் ஜனங்களும் சேர்ந்து மலையைக் குடைந்து போட்டது. அந்த வேலையில் உயிர் விட்டவர்களுக்கு வழியில் நினைவுச் சின்னங்கள் உண்டு. பார்த்தால் ஒரு நிமிடம் வண்டியை நிறுத்துங்கள். இம்ட்ராட் வந்தது அடுத்த வருஷம், 1962 இல். பூட்டான் ராணுவத்துக்குப் பயிற்சி கொடுப்பது அதன் வேலை. ஆக, அறுபது வருஷத்துக்கு மேலாக நம் ஆட்கள் அங்கே இருக்கிறார்கள். சீருடை போட்ட இந்தியனை அவர்கள் புதிதாகப் பார்க்கப் போவதில்லை.

எங்கள் காலத்தில் சாலை முகாமுக்குக் குடும்பத்தைக் கூட்டிப் போவது நடக்காத காரியம். பிள்ளைகள் நடக்கப் பழகியது, பல் விழுந்தது எல்லாம் எனக்குக் கடிதத்தில் வந்த செய்தி. அதனால் நான் சொல்வேன்: குவார்ட்டர்ஸ் கொடுக்கிறார்கள் என்றால் யோசிக்காமல் போங்கள்.

வழி: கன்னியாகுமரியிலிருந்து திப்ருகர் போகும் விவேக் எக்ஸ்பிரஸ் உங்கள் பாலக்காடு வழியாகவே போகும். நியூ ஜல்பைகுரியில் இறங்கி, தேயிலைத் தோட்டங்களுக்கு நடுவே ரோட்டு வழியாக ஜெய்காவ். ஒரு வாசல் தாண்டினால் புன்ட்சோலிங், அது பூட்டான். இந்தியர்களுக்கு விசா வேண்டாம். பாஸ்போர்ட்டோ வாக்காளர் அட்டையோ போதும், குழந்தைக்குப் பாஸ்போர்ட் இல்லாவிட்டால் பிறப்புச் சான்றிதழ். மூவ்மென்ட் ஆர்டரோடு போகிற உங்களுக்குப் பர்மிட் ஏற்பாடெல்லாம் யூனிட் பார்த்துக்கொள்ளும். ஆனால் மாமனார் மாமியார் பின்னால் பார்க்க வருவதாக இருந்தால் ஒன்று தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். 2022 செப்டம்பரிலிருந்து, சுற்றுலாவாகப் போகும் இந்தியருக்குத் தலைக்கு ஓர் இரவுக்கு 1,200 ரூபாய் கட்டணம் உண்டு. உறவினருக்கு அது எப்படி என்று அங்கே போனதும் முதல் வேலையாகக் கேட்டு வையுங்கள்.

வேலந்தாவளம் அக்கா:

தங்கச்சி, நான் உங்கள் பக்கத்து ஊர்தான். ஹாவில் குடும்பத்தோடு இருந்திருக்கிறோம். கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன், பொறுமையாகப் படியுங்கள்.

குளிர் உண்மைதான். ஊட்டி 2,240 மீட்டர் உயரம் என்றால் ஹா பள்ளத்தாக்கு சுமார் 2,700 மீட்டர். டிசம்பர் கடைசியிலிருந்து பிப்ரவரி வரை காலையில் குழாயைத் திறந்தால் சொட்டுகூட வராது, உள்ளே தண்ணீர் உறைந்து கிடக்கும். முதல் நாள் சாயங்காலமே குடம், பக்கெட் எல்லாம் பிடித்து வைத்துவிட வேண்டும். வீட்டின் நடுவில் புகாரி இருக்கும், புகைக்குழாய் வைத்த இரும்பு விறகடுப்பு. பகல் முழுக்கக் குடும்பம் அதைச் சுற்றித்தான். ராத்திரி அதை அணைத்துவிட்டுத்தான் படுக்க வேண்டும், ஜன்னல் ஒரு விரல்கடையாவது திறந்திருக்க வேண்டும். இதில் மட்டும் சோம்பல் கூடாது, மூடிய அறையில் அந்தப் புகை உயிரை வாங்கிவிடும். குழந்தைகள் குளிருக்கு நம்மைவிடச் சீக்கிரம் பழகிவிடுவார்கள். நான்கைந்து நாள் ஓட விடாமல் வைத்திருந்து, உடம்பு அந்த உயரத்துக்குப் பழகியதும் விட்டுவிடுங்கள்.

சமையல் நடக்கும். ஆனால் கையைப் புதிதாகப் பழக்க வேண்டும். அந்த உயரத்தில் தண்ணீர் 91 டிகிரி வாக்கிலேயே கொதித்துவிடும், அதனால் திறந்த பாத்திரத்தில் பருப்பு எவ்வளவு நேரம் வைத்தாலும் கல்லாகவே இருக்கும். குக்கர் இரண்டு, கேஸ்கட் கூடுதலாக நாலு எடுத்துக்கொள்ளுங்கள். இட்லி மாவு நம் ஊரில் விடிவதற்குள் பொங்கி வழியும், அங்கே இரண்டு நாள் ஆனாலும் அரைத்தது அரைத்தபடி கிடக்கும். நான் சாயங்காலம் மாவுப் பாத்திரத்தைப் பழைய கம்பளியில் சுற்றி, புகாரிக்குப் பக்கத்தில் கைக்குச் சூடு தாங்குகிற தூரத்தில் முக்காலி போட்டு அதன்மேல் வைப்பேன். படுக்கும் முன் ஒரு தடவை பாத்திரத்தைத் திருப்பி வைக்க வேண்டும். இல்லாவிட்டால் அடுப்பைப் பார்த்த பக்கம் புளித்து, மறுபக்கம் பச்சை மாவாக நிற்கும். இதைப் பார்த்துப் பார்த்து எங்கள் லைனில் இருந்த பஞ்சாபிக் குடும்பமும் மாவு வைக்கக் கற்றுக்கொண்டது.

கறிவேப்பிலையை நிழலில் காய வைத்துக் கொண்டு போங்கள். தேங்காய் ஜெய்காவில் கிடைக்கும், ஆள் போகும்போதெல்லாம் சொல்லி விடலாம். முருங்கைக்காயை மறந்துவிடுங்கள். அங்கே அவர்கள் மிளகாயைக் காரத்துக்காகப் போடுவதில்லை, அதுவேதான் காய். முழு மிளகாயும் பாலாடைக்கட்டியும் போட்டு எமா தட்சி என்று செய்வார்கள், சிவப்பரிசிச் சோற்றோடு. முதல் நாள் கண்ணில் தண்ணீர் வரும், பிறகு நீங்களே கேட்டு வாங்கிச் சாப்பிடுவீர்கள். நவம்பர், டிசம்பர் வாக்கில் ஹாவிலும் பாரோவிலும் லோம்பா என்று அவர்களுடைய புது வருஷம் வரும். அப்போது ஹொன்டே செய்வார்கள். பக்வீட் என்கிற தானியத்தின் மாவில், முள்ளங்கி இனத்துக் கீரையும் பாலாடைக்கட்டியும் பூரணம் வைத்து, நம் கொழுக்கட்டை மாதிரியே மடித்து வேக வைப்பது. பக்கத்து வீட்டு அமா, அங்கே அம்மாவை அப்படித்தான் சொல்வார்கள், என்னையும் உட்கார வைத்து மடிக்கச் சொன்னார். பிள்ளையார் சதுர்த்திக்கு மடித்த கையாயிற்றே, என் மடிப்பைப் பார்த்துவிட்டு மீதி மாவு முழுவதையும் என் பக்கம் தள்ளிவிட்டார்.

ஜனங்களைப் பற்றிக் கேட்டீர்கள். மரியாதை தெரிந்தவர்கள். எதையும் இரண்டு கையாலும்தான் கொடுப்பார்கள், வாங்குவார்கள். விருந்துக்குக் கூப்பிட்டு எதைக் கொடுத்தாலும் முதலில் வாயைக் கையால் மூடிக்கொண்டு வேண்டாம் வேண்டாம் என்பார்கள். அதை நம்பிப் பாத்திரத்தை எடுத்துக்கொண்டு போய்விடக் கூடாது. நம் வீட்டுக் கல்யாணப் பந்தியில் எப்படி வற்புறுத்திப் போடுவோமோ அப்படி இரண்டு மூன்று தடவை கேட்க வேண்டும். வெற்றிலை பாக்கு அங்கேயும் உண்டு. ஆனால் அந்தப் பாக்கு பச்சையாக ஊற வைத்தது, தலை கிறுகிறுக்கும், பழக்கமில்லாதவர்கள் ஜாக்கிரதை. சோர்ட்டன் எனப்படும் ஸ்தூபியைக் கடக்கும்போது வலது கைப் பக்கம் வைத்துத்தான் சுற்ற வேண்டும். கோயில் சுற்றிப் பழகிய நமக்கு இது சொல்லித் தர வேண்டியதே இல்லை. ஹாவில் லாகாங் கர்போ, லாகாங் நாக்போ என்று வெள்ளைக் கோயில், கறுப்புக் கோயில் இரண்டு உண்டு, குழந்தையைக் கூட்டிப் போங்கள்.

ஒரு கடைக்காரர், ஐம்பதைத் தாண்டியவர். நான் கேரளா என்றதும் நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டார். அவருக்குக் கணக்குச் சொல்லிக்கொடுத்தவர் ஒரு மலையாளி வாத்தியாராம். பூட்டானில் பள்ளிக்கூடங்கள் பெருகிய காலத்தில் இந்தியாவிலிருந்து வாத்தியார்கள் போனார்கள், அதில் கேரளத்துக்காரர்கள் நிறையப் பேர். பிரம்பால் அடித்தாலும் வீட்டுக்குக் கூப்பிட்டுச் சோறு போட்ட வாத்தியார் என்று சொல்லிவிட்டு, அன்றைக்கு ஆப்பிளுக்குக் காசு வாங்க மறுத்துவிட்டார். எங்கேயோ பிறந்து எங்கேயோ போய்ப் பாடம் நடத்திய ஒரு மனிதர் சம்பாதித்து வைத்த மரியாதை, அவரை அறியாத எனக்குக் கிடைத்தது. நாம் அங்கே நடந்துகொள்வதும் பின்னால் வருகிறவர்களுக்குப் போய்ச் சேரும் என்பதை நான் மறக்கவே இல்லை.

ஓணத்துக்கு மலையாளி, தமிழ், தெலுங்குக் குடும்பங்கள் எல்லாம் ஒன்று கூடுவோம். ரோட்டோரம் காஸ்மாஸ் பூ பூத்துக் குலுங்கும், பூக்களத்துக்கு அதுதான். வாழை இலைக்கு மட்டும் வழியில்லை. பொங்கல் வருவது கடுங்குளிரில். வெளியே பானை வைக்க முடியாது, புகாரி மேலேயே பால் பொங்க வைத்தோம். பாயசம், பொங்கல் எல்லாம் பக்கத்து பூட்டான் வீடுகளுக்கும் போகும், பாத்திரம் ஒருநாளும் வெறுமனே திரும்பி வராது.

சத்தியவேடு வாத்தியார்:

அக்காவின் பதிவு அருமை. ஆனால் நான் கொஞ்சம் மாற்றிச் சொல்லப் போகிறேன், வருத்தப்படாதீர்கள்.

நான் சத்தியவேட்டில் தமிழ்ப் பிள்ளைகளுக்குப் பாடம் நடத்தியவன். எல்லைப்புறத்தில் தமிழ் எழுத்து பிள்ளை கையில் தங்குவது பள்ளிக்கூடத்தால்தான். 1960 இல் திருத்தணி தமிழ்நாட்டுப் பக்கம் போனது, நாங்கள் ஆந்திரப் பக்கம் வந்தோம். அதிலிருந்து ஒவ்வொரு தலைமுறையாகத் தமிழ் மீடியம் சுருங்கிக்கொண்டே வருகிறது. பேச்சு வீட்டில் நிற்கும். எழுத்து அப்படி இல்லை. இரண்டாம் வகுப்பில்தான் உயிர்மெய் எழுத்துகள் நிலைபெறும், கூட்டி வாசிக்க வரும். அந்த நேரத்தில் பையனை எடுத்துக்கொண்டு போனால் யூனிட்டில் இந்தி, பள்ளியில் இங்கிலீஷ், வெளியே பூட்டான் மொழியான ஜோங்கா. திரும்பி வரும்போது அவன் தமிழ் பேசுவான், ஆனால் பஸ் போர்டைப் படிக்கத் திணறுவான். அப்படித் திரும்பி வந்த ராணுவப் பிள்ளைகளை என் வகுப்பில் பார்த்திருக்கிறேன். கெட்டிக்காரப் பிள்ளைகள், ஒன்பது வயதில் அ ஆவிலிருந்து ஆரம்பிக்கும்போது கூச்சத்தில் குறுகிப் போகும்.

இன்னொன்று, பூட்டானில் பள்ளி வருஷம் பிப்ரவரி வாக்கில் தொடங்கி டிசம்பரில் முடியும். கேரளாவில் ஜூன். இடையில் போனாலும் இடையில் வந்தாலும் சில மாதம் இடிக்கும். தாத்தா பாட்டி திடமாக இருக்கிறார்கள், தமிழ்ப் பள்ளி பக்கத்தில் இருக்கிறது. நான்காம் வகுப்பு வரை விட்டுவிட்டுப் போகலாமே என்பது என் கருத்து.

பீர்மேடு பேரன்:

வாத்தியார் ஐயாவுக்கு வணக்கம். அப்படி விடப்பட்ட பிள்ளை நான். அதனால் பேசுகிறேன்.

பீர்மேட்டில் தேயிலை எஸ்டேட் லயத்தில் வளர்ந்தவன். அப்பா ராணுவத்தில் கிளார்க். நேபாளத்தில் பொக்காராவில் நம் தூதரகத்தின் பென்ஷன் வழங்கும் அலுவலகம் இருக்கிறது. நம் ராணுவத்தில் இருந்து ஓய்வு பெற்ற கூர்க்காக்களுக்குப் பென்ஷன் கொடுக்கிற இடம். காத்மாண்டுவிலும் தரானிலும்கூட உண்டு. அங்கே அப்பாவுக்குப் போஸ்டிங். அம்மாவும் தங்கச்சியும் கூடப் போனார்கள். என் படிப்பு கெடக் கூடாது என்று என்னைப் பாட்டியிடம் விட்டார்கள்.

பாட்டி என்னை ராஜா மாதிரி வைத்திருந்தார், அதில் ஒரு குறையும் சொல்ல மாட்டேன். தமிழும் நன்றாக வந்தது, மலையாளமும் வந்தது. ஆனால் அவர்கள் திரும்பி வந்த பிறகு சாப்பிட உட்கார்ந்தால் மூன்று பேரும் பேசுவது எனக்குப் புரியாது. ஃபேவா ஏரியில் படகு கவிழ இருந்தது, சனிக்கிழமைதான் அங்கே வார லீவு என்பதால் அப்பா அன்றைக்கு மீன் வாங்கி வருவது, மலை மேலிருந்து நாள் கணக்கில் நடந்து வந்து பென்ஷன் வாங்கிவிட்டு மெடலைத் துடைத்துக் காட்டிய கிழவர்கள், அவர்களுடைய வருஷப் பிறப்பும் நம் சித்திரை, விஷுவை ஒட்டியே வருவதால் ஒரே வாரத்தில் இரண்டு தரம் பாயசம். தங்கச்சி பாதி வாக்கியத்திலேயே சிரிப்பாள், அம்மா மீதியைச் சொல்வார். நான் எதற்குச் சிரிக்கிறார்கள் என்று ஒவ்வொருவர் முகமாகப் பார்ப்பேன். யாரும் என்னை ஒதுக்கவில்லை. ஆனால் அந்தக் காலம் அவர்கள் மூன்று பேருக்கும்தான் சொந்தம். இன்றைக்கும் குடும்பமாகக் கூடினால் அந்தப் பேச்சு வரும், நான் எழுந்து வெளியே போய்விடுவேன்.

எழுத்தைப் பிறகும் கற்றுக்கொள்ளலாம் ஐயா. அக்கா, பையனைக் கூட்டிக்கொண்டு போங்கள்.

நகரி நெசவு:

பீர்மேடு தம்பி எழுதியதைப் படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் ஒன்றும் எழுதத் தோன்றவில்லை.

நான் திம்புவில் இருந்தேன். எங்கள் நகரி, புத்தூர்ப் பக்கம் விசைத்தறிச் சத்தத்திலேயே பிறந்து வளர்கிறவர்கள் நாங்கள், அப்பா தறிக்காரர். அங்கே போன புதிதில் யாரோடு பேசுவது, என்ன பேசுவது என்று தெரியாமல் ஜன்னலோரம் உட்கார்ந்திருப்பேன். கீழ் வீட்டில் ஒரு பெண் தறி போட்டிருந்தார். தறி என்றால் நம் குழித்தறிகூட இல்லை. பாவின், அதாவது நீளவாட்டு நூலின், ஒரு முனை சுவரோரம் சட்டத்தில், மறுமுனை அவர் இடுப்பில் கட்டிய பட்டையில். காலைக் கட்டையில் உதைத்து உட்கார்ந்து, முதுகைச் சாய்த்தால் பாவு இறுகும், முன்னால் குனிந்தால் தளரும். அந்த உடம்புதான் தறியில் பாதி. பாவு சுற்றி வருகிற மாதிரி போட்டிருப்பார்கள், துணி வளையமாக வரும். பெண்கள் கட்டுகிற கிராவுக்கு அப்படி மூன்று துண்டு நெய்து சேர்த்துத் தைக்க வேண்டும். பட்டில் பூவேலை நிறைந்த குஷுதரா என்றால் ஒன்று முடிய மாதக்கணக்கில் ஆகும்.

ஒருநாள் அவருக்குப் பாவில் இழை அறுந்தது. நான் பக்கத்தில் போய் உட்கார்ந்து, எங்கள் வீட்டில் முடிகிற மாதிரி விரலிலேயே முடிந்து, வாலைக் கிள்ளிவிட்டுக் கொடுத்தேன். அவர் அந்த முடிச்சை நகத்தால் தடவிப் பார்த்தார், என் முகத்தைப் பார்த்தார், எழுந்து போய் எனக்கும் ஒரு கோப்பை வெண்ணெய்த் தேநீர் கொண்டு வந்தார். உப்புப் போட்ட தேநீர். எனக்கு அது கடைசி வரை பிடிக்கவே இல்லை, ஆனால் ஒவ்வொரு நாளும் குடித்தேன். அதற்கப்புறம் நான் ஜன்னலோரம் உட்காரவில்லை. அரைகுறை இந்தியிலேயே எல்லாம் பேசினோம், அங்கே நிறையப் பேருக்கு டிவி பார்த்தே இந்தி வரும்.

தங்கச்சி, உங்களுக்குக் கை வேலை ஏதாவது தெரிந்தால், தையலோ பூக் கட்டுவதோ எதுவானாலும், அதற்கு வேண்டிய சாமானையும் பெட்டியில் வையுங்கள். வீட்டுக்காரர் காலையில் போனால் சாயங்காலம்தான். சில நாள் வெளி டூட்டி என்றால் அதுவும் இல்லை. அந்த நேரம் பூராவும் உங்களுடையது. அதை எப்படிப் போக்குவது என்பதுதான் பெண்களுக்கு அங்கே உண்மையான கஷ்டம், குளிர் இல்லை.

கொழிஞ்சாம்பாறை மருமகள்:

எல்லோருக்கும் ரொம்ப நன்றி. பீர்மேடு தம்பி எழுதியதை வீட்டில் சத்தமாகப் படித்துக் காட்டினேன். மாமியார் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். மாமனார்தான் முதல் தடவையாக வாய் திறந்து, "அங்க சைனா பார்டர் பக்கம்தானே?" என்று கேட்டார். அதற்கு என்ன சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை. வாத்தியார் ஐயா சொன்ன எழுத்துப் பயமும் எனக்கு அப்படியே இருக்கிறது.

வேலந்தாவளம் அக்கா:

மாமனாருக்கு நான் சொன்னதாகச் சொல்லுங்கள். 2017 இல் நம் ராணுவமும் சீன ராணுவமும் எதிரெதிரே நின்ற டோக்லாம் பிரச்சினை ஜூன் நடுவிலிருந்து ஆகஸ்ட் கடைசி வரை நடந்ததே, அப்போது நாங்கள் ஹாவில்தான் இருந்தோம். அந்த இடம் ஹா மாவட்டத்துக்கு மேற்கே, மலைகளுக்கு அப்பால். இங்கே டிவியில் நாள் முழுக்கச் சண்டை வரப்போகிறது என்று கத்திக்கொண்டிருந்தார்களாம். என் அம்மா சாப்பாடு இறங்காமல் கிடந்தார். அங்கே நான் கீரை ஆய்ந்துகொண்டிருந்தேன், குழந்தைகள் வெளியே பந்து விளையாடிக்கொண்டிருந்தார்கள். பயமே இல்லை என்று சொல்ல மாட்டேன். வீட்டுக்காரர் வர நேரமானால் வாசலையே பார்ப்பேன். ஆனால் கூட இருந்து பயப்படுவது வேறு, ஊரில் இருந்துகொண்டு டிவியைப் பார்த்துப் பயப்படுவது வேறு. முதலாவது எவ்வளவோ மேல். ஒன்று மட்டும் செய்யுங்கள். பூட்டான் நேரம் நம்மைவிட அரை மணி முந்தியது. தினமும் இந்த நேரத்துக்கு போன் செய்வேன் என்று பெரியவர்களிடம் சொல்லி வையுங்கள், சிக்னல் இல்லாத நாளும் வரும் என்பதையும் முன்னாலேயே சொல்லிவிடுங்கள்.

அடுத்தது தமிழ். வாத்தியார் சொன்ன பயம் நியாயமானது, அதைத் தள்ளிவிடாதீர்கள். நான் செய்ததைச் சொல்கிறேன். என் மாமனார் முதலமடையில் மாந்தோப்பில் இருப்பவர், பெரிய படிப்பு இல்லை, ஆனால் எழுத்து முத்து முத்தாக இருக்கும். அவர் பேரனுக்கு வாராவாரம் இன்லண்டில் கடிதம் எழுதினார், 99 ஏபிஓ என்கிற ராணுவத் தபால் விலாசத்துக்கு. பெரிய எழுத்தில், வரிக்கு வரி இடம் விட்டு. எந்த மரம் பூத்தது, எந்தக் கிளியைத் துரத்தினார், கிணற்றில் எத்தனை படி தண்ணீர் தெரிகிறது, இதுதான் விஷயம். போனில் இதையெல்லாம் சொல்லக் கூடாது என்று நான் கண்டிப்பாகச் சொல்லிவிட்டேன். கடிதத்தைப் படித்தால்தான் தெரியும். பையன் முதலில் என்னைப் படிக்கச் சொல்லி அழுதான். நான் முதல் வரியை மட்டும் படித்துவிட்டுக் கீழே வைத்துவிடுவேன். கிளி என்ன ஆயிற்று என்று தெரியாமல் அவனுக்குத் தூக்கம் வராது, எழுத்துக் கூட்டி அவனே படிப்பான். பதிலும் அவனே எழுத வேண்டும், பிழை இருந்தால் திருத்த மாட்டேன், தாத்தா அடுத்த கடிதத்தில் அந்தச் சொல்லைச் சரியாக எழுதிவிடுவார். அவனுக்குத் தமிழ் நின்றது இதனால்தான். ஊரை விட்டுப் பிரிந்த பேரனும் தாத்தாவும் ஒருவரை ஒருவர் விடாமல் இருந்ததும் இதனால்தான்.

உங்கள் மாமனார் முகம் வாடியிருக்கிறது என்றீர்களே. அவருக்கு இந்த வேலையைக் கொடுங்கள்.

சத்தியவேடு வாத்தியார்:

பீர்மேடு தம்பி, உங்கள் பதிவுக்கு என்னிடம் பதில் இல்லை. விட்டுவிட்டுப் போங்கள் என்று இனி நான் சொல்ல மாட்டேன். ஆனால் எழுத்தைப் பிறகு கற்றுக்கொள்ளலாம் என்பதை மட்டும் ஒப்புக்கொள்ள மாட்டேன். பிறகு என்று தள்ளிய எல்லைப்புறக் குடும்பங்களில் அந்தப் பிறகு வந்ததை நான் பார்க்கவில்லை. கடித ஏற்பாடு நல்ல ஏற்பாடு, அதோடு பாடப்புத்தகமும் வேண்டும். பாடப்புத்தகம் தயாரிக்கும் கேரளா எஸ்சிஇஆர்டி தமிழ் மீடியம் புத்தகங்களை இணையத்திலேயே வைத்திருக்கிறது. இரண்டு, மூன்று, நான்காம் வகுப்புத் தமிழ்ப் புத்தகங்களை இங்கேயே அச்செடுத்துக்கொண்டு போங்கள், அங்கே நெட் இருக்கும் என்று நம்ப வேண்டாம். தினமும் அரை மணி, சாப்பிடுவதற்கு முன்னால். ஞாயிற்றுக்கிழமையும் விட வேண்டாம்.

திரும்பி வரும்போது எந்த வகுப்பில் சேர்ப்பார்களோ என்ற கவலை வேண்டாம். 2009 கல்வி உரிமைச் சட்டப்படி எட்டாம் வகுப்பு வரை வயதுக்கேற்ற வகுப்பில் சேர்த்தாக வேண்டும். மாற்றுச் சான்றிதழில் பிறந்த தேதி சரியாக இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். நகல் மூன்று நான்கு எடுத்து, ஒன்றை மாமனாரிடம் கொடுத்து வையுங்கள். கேந்திரிய வித்யாலயாவில் சேர்ப்பதாக இருந்தால் மாறுதலுக்குள்ளாகும் ராணுவத்தினர் பிள்ளைகளுக்கு முன்னுரிமை உண்டு, ஆனால் அங்கே தமிழ் கிடைக்கும் என்று எதிர்பார்க்காதீர்கள்.

கொழிஞ்சாம்பாறை மருமகள்:

முடிவு செய்துவிட்டோம், மூன்று பேரும் போகிறோம். மாமனார் நேற்றே கொழிஞ்சாம்பாறை தபால் ஆபீசுக்குப் போய் இன்லண்ட் வாங்கி வந்துவிட்டார். மாமியார் கறிவேப்பிலை காயப் போட்டிருக்கிறார். "லீவுக்கு வர்றப்ப அவன் இளைச்சிருந்தா உன்னைத்தான் கேப்பேன்" என்று மட்டும் சொன்னார்.

கடைசியாக ஒன்று. கறுப்பு டிரங்குப் பெட்டி இரண்டுதான் கொண்டு போக முடியும் என்கிறார் வீட்டுக்காரர். கிரைண்டர் அதில் போகுமா, இல்லை மிக்ஸியே போதுமா?

குப்பம் தம்பி:

கிரைண்டர் வேண்டாம்மா. கல் கனம், ரயிலில் ஏற்றி இறக்குவதற்குள் உயிர் போகும். அங்கே வோல்டேஜ் ஏறி இறங்கினால் மோட்டாரும் போய்விடும். மிக்ஸியை எடுத்துப் போங்கள், பெட்டியின் நடுவில் கம்பளிக்குள் வைத்துக் கட்டுங்கள். பெட்டி மேல் வெள்ளைப் பெயிண்டில் நம்பர், ரேங்க், பேர் எழுதும்போது மூடியில் மட்டும் எழுதாமல் பக்கவாட்டிலும் எழுதச் சொல்லுங்கள். நியூ ஜல்பைகுரியில் பெட்டிகளை அடுக்கி வைத்தால் மூடி தெரியாது.

வேலந்தாவளம் அக்கா:

உளுந்தை மட்டும் ஊரிலிருந்தே எடுத்துக்கொள்ளுங்கள் தங்கச்சி, முழு உளுந்தாக. மிக்ஸியில் அரைக்கும்போது ஐஸ் தண்ணீர் ஊற்றச் சொல்வார்கள் இங்கே. அங்கே குழாய்த் தண்ணீரே போதும்.